சீப்பும் கல்லறையும் வெடிகுண்டும் ஏன் இயையவில்லை? ஆங்கிலத்தின் 'எம்-பி' ஈற்றுச் சொற்கள்

ஆங்கில வழிப் பள்ளிகளின் தொடக்க வகுப்புப் பயிற்சித் தாள்களில் 'ரைமிங் வேர்ட்ஸ்' தவறாமல் இடம்பெறும். பூனைக்கு 'கேட்', எலிக்கு 'ரேட்', பாய்க்கு 'மேட்' என்பது வரை சிக்கல் இல்லை. கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்தே விடை எழுதிவிடலாம். சீப்பைக் குறிக்கும் சொல் வரும்போதுதான் தகராறு. அதன் எழுத்துக்கூட்டல் சி-ஓ-எம்-பி. அதே முடிவு கொண்ட டி-ஓ-எம்-பி கல்லறை, பி-ஓ-எம்-பி வெடிகுண்டு. எழுத்தை நம்பி இந்த மூன்றையும் ஒரே வரிசையில் எழுதினால் விடை தவறு. முதலாவது 'கோம்', இரண்டாவது 'டூம்', மூன்றாவது 'பாம்'. மூன்றிலும் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள உயிரும் மூன்றிலும் வேறு.

இப்படி 'எம்-பி' என்று முடியும் ஆங்கிலச் சொற்களில் அன்றாடம் புழங்குபவை இருபதுக்குள்தான் இருக்கும். ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே விழுந்த பிளவு எப்படி நேர்ந்தது என்பதைக் காட்ட இந்தச் சிறு கூட்டமே போதும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டாவதாக வருவதையும் பதினாறாவதாக வருவதையும் தமிழில் 'பி' என்றே எழுத வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் தனியே 'பி' என்று வந்தால் அது 'ஏ'யை அடுத்து வரும் இரண்டாம் எழுத்து.

எது 'ரைம்'?

ஆங்கில யாப்பில் இரண்டு சொற்கள் முழுமையாக இயைய மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. அழுத்தம் பெறும் கடைசி உயிரொலி இரண்டு சொல்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.
2. அந்த உயிருக்குப் பின்னால் வரும் ஒலிகள் அத்தனையும் ஒன்ற வேண்டும்.
3. அந்த உயிருக்கு முன்னால் வரும் மெய் வேறாக இருக்க வேண்டும். முன்னதும் ஒன்றானால் அது இயைபு அன்று, ஒரே ஒலிப்புடைய இரு சொற்கள், அவ்வளவே.

மூன்றுமே ஒலி பற்றியவை. எழுத்துக்கு இதில் இடமே இல்லை. எழுத்து ஒத்து ஒலி ஒவ்வாத கோம், டூம், பாம் போன்றவற்றை 'ஐ ரைம்' என்கிறார்கள். கண் இயைபு என்று சொல்லலாம்.

தமிழில் அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபுத் தொடை. தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண் ஆகியவற்றோடு இதையும் தொடையாக எண்ணுகிறது. தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலியைப் பின்தொடர்வதால் செவி கேட்டதைக் கண்ணும் உறுதிசெய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கண்ணும் செவியும் வேறுவேறு சாட்சி சொல்லும். தமிழ் பயின்ற கண் ஆங்கிலத்தில் ஏமாறுவதற்கு இதுதான் காரணம். அறிவுக் குறைவு அல்ல.

'ரைம்' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலே கூட ஒப்பனைதான். ஒரு காலத்தில் ஆர்-ஐ-எம்-இ என்று நேராகத்தான் எழுதினார்கள். 'ரிதம்' என்ற கிரேக்க வழிச் சொல்லோடு சேர்த்துப் பார்த்த படிப்பாளிகளின் கைவண்ணத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உள்ளே எச்சும் ஒய்யும் நுழைந்தன.

ஒலியால் பிரித்தால் ஏழு கூட்டம்

1. 'அம்' ஒலி. இதுவே பெரிய கூட்டம். 'தம்' என்றால் கட்டைவிரல். 'கிரம்' என்றால் ரொட்டியிலிருந்தும் பிஸ்கட்டிலிருந்தும் உதிரும் துகள். 'நம்' என்றால் மரத்துப்போன. 'பிளம்' என்றால் நேர் செங்குத்தான. ஆழம் பார்ப்பதற்கும் வினையாக வரும். 'சக்கம்' என்றால் எதிர்த்து நிற்க முடியாமல் பணிந்துபோதல். காயத்துக்கோ நோய்க்கோ பலியாதலையும் செய்திகளில் இப்படிச் சொல்வார்கள். 'டம்' என்ற சொல்லின் பழைய பொருள் பேச்சு இல்லாத; இன்றைய பேச்சுவழக்கில் முட்டாள்தனமான. பேச இயலாதவர்களை இச்சொல்லால் குறிப்பது இன்று இழிவாகக் கருதப்படுகிறது, தவிர்க்க வேண்டும். எம்-பி ஈறு இல்லாத 'கம்', 'சம்', 'டிரம்' ஆகியவையும் இந்தக் கூட்டத்தோடு இயையும்.

2. 'ஓம்' ஒலி. 'கோம்' என்றால் சீப்பு. சேவலின் கொண்டைக்கும் அதே பெயர். 'ஹனிகோம்' என்றால் தேனடை. போலீசார் காட்டைச் சல்லடை போட்டுத் தேடுவதைச் செய்திகளில் 'கோம்பிங்' என்று படிக்கிறோம்; ஆங்கில ஒலிப்பில் அது 'கோமிங்'தான். வெளியிலிருந்து இயைபவை 'ஹோம்', 'ரோம்', 'ஃபோம்', 'டோம்'.

3. 'ஊம்' ஒலி. கல்லறை 'டூம்', கருப்பை 'வூம்'. பிறப்பையும் இறப்பையும் குறிக்கும் இரு சொற்கள் இப்படி இயைந்து அமைந்ததை ஆங்கிலக் கவிஞர்கள் நூற்றாண்டுகளாக விடாமல் பயன்படுத்தி வருகிறார்கள். சற்று அளவுக்கு அதிகமாகவே என்று தோன்றும். 'ரூம்', 'புளூம்' ஆகியவையும் இங்கே சேரும்.

4. குறில் ஒகரத்தை ஒட்டிய ஒலி. 'பாம்' என்ற வெடிகுண்டும், 'அப்லாம்' என்ற சொல்லும். பின்னதன் பொருள் நெருக்கடியிலும் குலையாத தன்னம்பிக்கை.

5. 'கேட்', 'மேட்' சொற்களில் கேட்கும் உயிர். இதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. ஏகாரத்தை வைத்துச் சமாளிக்கிறோம். 'லேம்' என்றால் செம்மறிக் குட்டி. 'ஜேம்' என்றால் கதவு நிலையின் பக்கக் கால், நம் தச்சர்கள் சொல்லும் நிலைக்கால். பழ ஜாமுக்கும் நிலைக்காலுக்கும் ஆங்கிலத்தில் ஒலிப்பு ஒன்றே. தேர்வைக் குறிக்கும் 'எக்ஸாம்' இவற்றோடு சரியாக இயையும்; தமிழ் எழுத்தில் பார்த்தால் நம்பவே முடியாது.

6. 'இம்' ஒலி. இதில் 'லிம்' ஒன்றுதான். கை கால் போன்ற உறுப்பு, மரத்தின் பெரிய கிளை. 'ஜிம்', 'ஸ்விம்' இதோடு இயையும்.

7. 'ஐம்' ஒலி. 'கிளைம்', ஏறுதல். 'டைம்' இயையும், 'ரைம்' என்ற சொல்லே இயையும்.

எழுத்தில் ஒரே குடும்பமாகத் தெரிந்தவை ஒலியில் ஏழாகப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவும் தன் எழுத்துக் குடும்பத்துக்கு வெளியேதான் அதிகம் உறவு வைத்திருக்கிறது.

'பி' எப்படி ஓய்ந்தது

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறக்குறைய 1100க்கு முன், இந்த 'பி' ஒலித்தது. சீப்பு அன்று 'கம்ப்' என்பதைப் போல முடிந்தது. செம்மறிக் குட்டியும் அப்படியே. சீப்பைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு சமஸ்கிருதத்தில் 'ஜம்ப' என்ற உறவுச்சொல் உண்டு, பொருள், பல். ஆக ஆங்கிலச் சீப்பின் வேர்ப்பொருள் பல்லுடையது என்பதுதான்.

ஒலி தேய்ந்ததற்குக் காரணம் வாயின் அமைப்பு. மகரத்தையும் 'பி'யையும் உதடுகளை மூடித்தான் ஒலிக்கிறோம். இரண்டுக்கும் குரல்நாண் அதிரும். மகரத்தில் மூச்சு மூக்கு வழியே போகிறது, 'பி'யில் போவதில்லை, வேறுபாடு இவ்வளவுதான். சொல் அங்கேயே முடிந்துவிட்டால் உதட்டைத் திறந்து 'பி'யை வெளியே விட எந்தத் தேவையும் இல்லை. ஏறத்தாழ 1300 வாக்கில் சொல்லிறுதி 'பி' பேச்சிலிருந்து மறைந்தது.

இதே கதை 'என்-ஜி' ஈற்றிலும் நடந்தது. 'சாங்', 'லாங்' போன்ற சொற்களின் கடைசி 'ஜி' இன்று பொது ஆங்கிலத்தில் தனியாக ஒலிப்பதில்லை. பாடகரைக் குறிக்கும் 'சிங்கர்' சொல்லில் 'ஜி' இல்லை. விரலைக் குறிக்கும் 'ஃபிங்கர்' சொல்லில் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறோம். வடமேற்கு இங்கிலாந்திலும் பர்மிங்காம் பக்கத்திலும் பலர் நம்மைப் போலவே இரண்டிலும் 'ஜி'யை ஒலிப்பார்கள். ஆனால் 'என்-டி' ஈறு தப்பிவிட்டது. 'ஹேண்ட்', 'லேண்ட்' சொற்களில் கடைசி ஒலி இன்றும் நிற்கிறது. முகாமைக் குறிக்கும் 'கேம்ப்' போன்றவற்றில் வருவது பதினாறாவது எழுத்து. அதற்குக் குரல்நாண் அதிராது என்பதால் மகரத்தோடு கரையாமல் தனித்துக் கேட்கிறது.

ஜெர்மன் மொழியிலும் இந்த 'பி' மறைந்தது. அங்கே எழுத்தையும் மாற்றிவிட்டார்கள்: ஆட்டுக்குட்டி, சீப்பு இரண்டுமே இரட்டை 'எம்' போட்டு 'லாம்', 'காம்' என்று எழுதப்படுகின்றன. டச்சுக்காரர்களுக்கு ஒற்றை 'எம்' போதும். ஆங்கிலம் மட்டும் ஒலியை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கியபோது ஒலி போய் நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அச்சு பரவப் பரவப் பழைய எழுத்துக்கூட்டல்கள் பல அப்படியே உறைந்தன.

இல்லாத இடத்தில் வந்து ஒட்டிய 'பி'

இனிதான் விசித்திரம். மேலே உள்ள பட்டியலில் எல்லாச் சொற்களுக்கும் 'பி' பரம்பரைச் சொத்து அல்ல.

1. கட்டைவிரல். பழைய ஆங்கிலத்தில் இது 'தூமா'. 'பி' இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் எழுத்தில் தலைகாட்டுகிறது.
2. துகள். பழைய வடிவம் 'குரூமா'. இதிலும் 'பி' கிடையாது.
3. உறுப்பு. பழைய வடிவம் வெறும் 'லிம்'. 16ஆம் நூற்றாண்டில் 'பி' ஒட்டிக்கொண்டது.
4. மரத்துப்போன. 'எடுத்துக்கொள்' என்ற பொருளுடைய பழைய வினையின் இறந்தகால எச்சம் இது. உணர்வு பிடுங்கப்பட்ட நிலை என்பது கருத்து. அந்த வினையில் 'பி' இல்லவே இல்லை.

இந்த நான்கிலும் 'பி' ஒருநாளும் சொல்லிறுதியில் ஒலித்ததே இல்லை. ஒலிக்காத 'பி'யைச் சீப்பிலும் ஆட்டுக்குட்டியிலும் எழுதிப் பழகிய கைகள், மகர ஈறு என்றாலே 'பி' போட வேண்டும்போலும் என்று இவற்றுக்கும் போட்டுவிட்டன. மொழியியலில் இதை ஒப்புமையாக்கம் என்பார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்', ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' சொற்களில் உள்ள 'பி'யும் பின்னால் வந்ததுதான், ஆனால் அங்கே காரணம் வேறு. லத்தீன் மூலத்தில் 'பி' இருந்ததை நினைவூட்டவே படித்தவர்கள் அதைச் செருகினார்கள். கட்டைவிரலுக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

1977இல் இந்தியாவில் அறிமுகமான 'தம்ஸ் அப்' குளிர்பானத்தின் பெயரில் இந்த 'பி' கிடையாது. எழுத்துப் பிழை என்று கேலி செய்வோர் உண்டு. எந்த நோக்கத்தில் விட்டிருந்தாலும், வரலாற்றின்படி பார்த்தால் புட்டியில் உள்ள வடிவமே பழைய சொல்லுக்கு நெருக்கம்.

கடன் வந்த சொற்கள்

மூன்றாம் வகை லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தவை. இவற்றின் 'பி' உண்மையானது, மூலமொழியில் ஒலித்தது.

'பிளம்' என்பதன் வேர் ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் 'பிளும்பும்'. நூலின் நுனியில் ஈயக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் அது நேர் செங்குத்தாக நிற்கும். நம் கொத்தனார் கையிலுள்ள தூக்குக்குண்டு. அதனால் செங்குத்தான என்ற பொருள் வந்தது. ஈயக் குழாய் வேலை செய்தவர் 'பிளம்மர்' ஆனார். 'அப்லாம்' சொல்லும் இதே குண்டிலிருந்து கிளம்பியதுதான். பிரெஞ்சில் 'தூக்குக்குண்டின்படி' என்று பொருள். சாயாமல் நிற்பவர் மனம் தளராதவர் என்று கருத்து விரிந்தது. ஒரே ஈயத்துண்டிலிருந்து குழாய்க்காரரும் தன்னம்பிக்கையும் வந்திருக்கிறார்கள்.

நிலைக்காலைக் குறிக்கும் 'ஜேம்' பிரெஞ்சு மொழியில் கால். 'நிலைக்கால்' என்ற நம் சொல்லிலும் கால் இருப்பது தற்செயலே, ஆனாலும் இனிய தற்செயல். 'சக்கம்' லத்தீனில் கீழே படுத்துவிடுதல். அதே வேரில் 'மேலே படுத்திருப்பவர்' என்ற பொருளில் பிறந்தது 'இன்கம்பன்ட்', அதாவது பதவியில் இருப்பவர். தேர்தல் காலத்தில் நாம் அலுக்காமல் பேசும் 'ஆன்டி இன்கம்பன்சி' அங்கிருந்து வருகிறது.

ஒரே எழுத்து, மூன்று உயிர்

இப்போது தலைப்புக் கேள்விக்கு வரலாம். ஓ-எம்-பி என்ற ஒரே எழுத்துத் தொடர் மூன்று விதமாக ஒலிப்பது, மூன்று சொற்களும் மூன்று காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்ததால்.

1. சீப்பு பழைய ஆங்கிலச் சொல். அக்காலத்தில் 'எம்-பி', 'என்-டி', 'எல்-டி' இணைகளுக்கு முன்னால் வந்த குறில் உயிர்கள் நெடிலாயின. குறில் அகரம் நெடிலாகி, பின் ஓகாரமாகித் திரிந்து 'கோம்' ஆனது. 'கிளைம்' சொல்லில் இகரம் ஈகாரமாகி, 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கில நெடில்களைப் புரட்டிப்போட்ட பெரும் உயிர்மாற்றத்தில் 'ஐ' ஆனது. கருப்பையும் சீப்பின் வழியில்தான் புறப்பட்டது. முன்னால் நின்ற வகரம் உதட்டைக் குவித்ததால் ஓகாரம் ஊகாரத்துக்கு ஏறிவிட்டது.
2. கல்லறை நார்மானியர் ஆட்சிக்குப் பின் பிரெஞ்சிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் புதைமேட்டைக் குறித்த சொல்லே மூலம். உகர ஒலியோடு வந்து 'டூம்' என்று நிலைத்தது.
3. வெடிகுண்டு எல்லாவற்றுக்கும் பிந்தியது. 'பூம்' என்று அதிரும் ஓசையைக் குறித்த கிரேக்கச் சொல், லத்தீன், இத்தாலி, பிரான்ஸ் வழியாகச் சுற்றி 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆங்கிலத்தை எட்டியது. குறிலை நெடிலாக்கிய பழைய மாற்றம் அதற்குள் முடிந்து பல நூறு ஆண்டு ஆகியிருந்தது. அதனால் குறிலாகவே தங்கிவிட்டது.

ஆட்டுக்குட்டி மட்டும் ஏன் சீப்பைப் போல நீளவில்லை? பழைய ஆங்கிலத்தில் அதன் பன்மையில் 'எம்-பி'யை அடுத்து ஓர் 'ஆர்' வந்தது. மூன்று மெய் அடுத்தடுத்து வந்தால் உயிர் நீளாது. பன்மையின் குறிலே ஒருமைக்கும் பரவிவிட்டது. 'சைல்ட்', 'சில்ரன்' இரண்டிலும் உயிர் மாறுவதும் இதே விதியால்தான். அங்கே ஒருமை நெடிலையும் பன்மை குறிலையும் தனித்தனியே காப்பாற்றிக்கொண்டன.

'பி' மறுபடி ஒலிக்கும் இடங்கள்

நடைமுறையில் அதிகம் தடுக்குவது இங்கேதான்.

1. 'அர்', 'இங்', 'எட்' போன்ற விகுதிகள் சேர்ந்தாலும் 'பி' ஒலிக்காது. 'கிளைமர்', 'கிளைமிங்', 'பாமர்', 'பிளம்மர்'. தமிழ்நாட்டில் எல்லோரும் 'பிளம்பர்' என்கிறோம். தமிழில் மகரத்தை அடுத்த பகரம் தானாகவே 'பி' ஒலி பெறும் என்பதால், எழுத்தைப் பார்த்துப் படித்த நாக்குக்கு அது இயல்பு. தமிழ்ச் சொல்லாகிவிட்ட பின் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆங்கிலம் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும்.
2. லத்தீன், கிரேக்க வழி நீட்சிகளில் 'பி' கேட்கும். 'பாம்பார்ட்' என்றால் குண்டுமழை பொழிதல், 'இன்கம்பன்ட்' மேலே சொன்னது. ஆரவாரப் பேச்சைக் குறிக்கும் 'பாம்பாஸ்ட்' சொல்லை வெடிகுண்டோடு சேர்த்துவிடக் கூடாது. அதன் மூலம் உடையைப் புடைக்க வைக்கத் திணித்த பஞ்சு.
3. மகரத்தை அடுத்து 'எல்' அல்லது 'ஆர்' ஒலி வந்த பழைய சொற்கள் பலவற்றில் 'பி' ஒலிக்கும்; மூலத்தில் இல்லாவிட்டாலும் புதிதாக முளைத்திருக்கும். உதிர்வது 'கிரம்பிள்'. கட்டைவிரலோடு ஒட்டிப் பிறந்த, தையற்காரர் விரலில் மாட்டும் உறை 'திம்பிள்'. லத்தீனில் 'பி' இல்லாத 'நுமெருஸ்' பிரெஞ்சு வழியே 'நம்பர்' ஆனது, 'கமெரா' என்ற அறை 'சேம்பர்' ஆனது. சொல்லின் இறுதியில் 'பி'யை விழுங்கிய அதே உதடு, நடுவில் அதைத் தானாக உண்டாக்கிக்கொண்டது.

எண்ணைக் குறிக்கும் 'நம்பர்' சொல்லின் எழுத்துகளை அப்படியே வைத்து 'நம்மர்' என்று ஒலித்தால் பொருள் 'இன்னும் அதிகமாக மரத்துப்போன'. எழுத்தில் ஓர் இம்மி வேறுபாடு இல்லை. சூழலைப் பார்த்துத்தான் வாய் முடிவெடுக்க வேண்டும்.

தீராத சில வழக்குகள்

அகராதிகளே ஒரு முடிவுக்கு வராத சொற்களும் உண்டு. குறில் நெடில் சேர்ந்த கிரேக்க யாப்புச் சீரைக் குறிக்கும் 'ஐயேம்' சொல்லை 'பி' ஒலித்தும் சொல்லலாம், ஒலிக்காமலும் சொல்லலாம். அதன் பெயரடையான 'ஐயேம்பிக்' சொல்லில் கட்டாயம் ஒலிக்கும். அப்லாம் சிலர் வாயில் வெடிகுண்டோடு இயைகிறது, அமெரிக்காவில் சிலர் வாயில் கட்டைவிரலோடு இயைகிறது. ரோம் நகருக்கு அடியில் பாறையைக் குடைந்து அமைத்த கல்லறைச் சுரங்கங்களுக்கு அமெரிக்கர் சொல்வது 'கேட்டகோம்', பிரிட்டனில் பலர் சொல்வது 'கேட்டகூம்'. பயிற்சித் தாள் திருத்தும் ஆசிரியர் இதற்கு இயைபாகச் சீப்பை எழுதிய பிள்ளைக்கும் கல்லறையை எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் போட்டாக வேண்டும்.